காற்று நிற்காத இடது முன்சக்கரம்

பிள்ளைகளா, அன்றைக்குச் சாயந்திரம் நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சோறு ஆறிப்போகுது, சாப்பிடுங்க என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். உங்கள் மேல் கோபம் இல்லை. உடம்பு அலுத்திருந்தது, மனசு அதைவிட அலுத்திருந்தது. நான் பத்தாவதோடு நின்றவன். வாயால் சொன்னால் முன்னுக்குப் பின் போய்விடும். அதனால் எழுதுகிறேன். மெதுவாகப் படியுங்கள்.

நான் ஆச்சி வீட்டில் டிரைவர் என்பது உங்களுக்குத் தெரியும். ஆச்சிக்கு என்னைவிடப் பத்து வயதுதான் கூட இருக்கும். இருந்தாலும் நம் பக்கம் நகரத்தார் வீட்டுப் பெண்களை ஆச்சி என்றுதான் கூப்பிடுகிறோம். அவர் வீட்டுக்காரர் காலமான பிறகு கீழச்சிவல்பட்டியில் அந்தப் பெரிய வீட்டில் அவர் ஒருத்தர்தான். நான் பழைய பெரிய காரில் அவரைக் காரைக்குடி வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் கூட்டிப்போய் வருவேன். அந்த வண்டியால் எனக்கு ஒரு தொல்லையும் வந்ததில்லை. தொல்லை வந்தது சிவப்பு வண்டியால்.

ஆச்சியின் மகன் சென்னையில் வேலை பார்த்தபோது வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டே கதவு. பூனை பதுங்குகிற மாதிரி தரையோடு தரையாகக் கிடக்கும். வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது விற்க மனசில்லாமல் இங்கே கொண்டுவந்து, வீட்டின் பின்பக்கம் முன்காலத்தில் மாட்டுவண்டி நிறுத்திய கொட்டகையில் விட்டுவிட்டுப் போனார். "வாரம் ஒரு தடவ எடுத்து நாச்சியாபுரம் வரைக்கும் ஓட்டிட்டு வந்து விட்டுருங்கண்ணே" என்பது எனக்குச் சொன்ன வேலை. பார்க்கிறவர்களுக்கு அது கொடுத்து வைத்த வேலை. வேகத்தடை ஒவ்வொன்றிலும் வண்டியைக் கோணலாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கி, அடியில் எங்காவது உரசுகிறதா என்று காதை வைத்துக்கொண்டு போகிறவனுக்குத்தான் அது என்ன வேலை என்று தெரியும். ஓட்டி முடித்து இறங்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும்.

இந்த மாதிரி வண்டியில் டயர் ஏன் அடிக்கடி போகிறது என்று முதலில் சொல்கிறேன். நம் ஊர்ப் பேருந்து டயரையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்களுக்கே விளங்கிவிடும். சாதாரண டயரில் இரும்புக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் அளவாவது ரப்பர் சுவர் இருக்கும். பள்ளத்தில் இறங்கினால் அந்தச் சுவர் அமுங்கிக் கொடுத்து அடியைத் தாங்கிக்கொள்ளும். இதில் அந்தச் சுவர் மூன்று விரல் அகலம்தான். பள்ளத்தின் விளிம்புக்கும் உள்ளே இருக்கும் இரும்புக்கும் நடுவில் ரப்பர் சிக்கி, கதவிடுக்கில் விரல் மாட்டினது போல நசுங்கும். சுவரில் வெட்டு விழுந்துவிட்டால் ஒட்டுப் போட முடியாது. சக்கரம் சுற்றச் சுற்ற அந்த இடம் மடங்கி நிமிர்ந்துகொண்டே இருப்பதால் ஒட்டு நிற்காது, டயரையே மாற்ற வேண்டியதுதான். ரோட்டைக் கவ்விப் பிடிக்கத் தோதாக ரப்பரையும் மெத்தென்று செய்திருப்பார்கள், அகலமாகவும் செய்திருப்பார்கள். அகலமாக இருப்பதால் ஒல்லி டயர் தப்பித்துப் போகிற முள் இதில் தப்பாது. எதிரே பேருந்து வந்தால் நாம் இடது பக்கம் மண்ணில் இறங்குகிறோம் அல்லவா, அங்கே சீமைக் கருவேல முள் கொட்டிக் கிடக்கும். ஆகவே இடது சக்கரங்களுக்குத்தான் எப்போதும் கஷ்ட காலம். மாற்றுச் சக்கரமும் இந்த வண்டியில் கிடையாது. வைக்க இடம் இல்லை. ஒரு பசை பாட்டிலும் சின்ன பம்பும் கொடுத்திருப்பார்கள். அதை வைத்துக்கொண்டு சாமியைக் கும்பிட வேண்டியதுதான்.

இவ்வளவையும் தெரிந்து வைத்திருந்ததால்தான் நானும் ஏமாந்தேன். முதல் தடவை இடது முன்சக்கரத்தில் காற்று இறங்கிக் கிடந்தபோது, முள் குத்தியிருக்கும் என்று நினைத்தேன். நம் ஊரில் பஞ்சர் போடுகிறவர், அண்ணே இந்த வீல்ல கம்பிய வச்சு நெம்புனா கீறிப்போகும், நான் கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சக்கரத்தைக் கழற்றி மொபெட்டில் குறுக்கே வைத்துக் கட்டி, மிஷின் வைத்திருக்கும் காரைக்குடி கடைக்குக் கொண்டுபோனேன். வெயில். அங்கே சோப்புத் தண்ணீரைத் தேய்த்துப் பார்த்தார்கள். குமிழி வந்தது. முள் இல்லை, ஆணியும் இல்லை, சின்ன ஓட்டை மட்டும். அதுவும் நடுவில் இல்லாமல் உள்பக்க ஓரத்தில். நல்லவேளையாகச் சுவருக்குக் கொஞ்சம் முன்னால் என்பதால் ஒட்டுப் போட முடிந்தது.

சில வாரம் கழித்து மறுபடியும் அதே சக்கரம், ஏறத்தாழ அதே ஓரம். கடைக்காரர் என்னைப் பார்த்து, "ரோட்டுல குத்துனா எங்க வேணாலும் குத்தும்ண்ணே. இது என்ன, ஒரே எடத்தயே தேடித் தேடிக் குத்துது? வீட்டுல ஒங்களுக்கு ஆகாதவுக யாரும் இருக்காகளா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்துவிட்டது. டீக்கடையில் ஒருவர், "பஞ்சர் கடைக்குப் பங்காளியாவே ஆயிட்டீக போல" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். அப்படி வந்திருக்கக் கூடாது. பாதி டீயை வைத்துவிட்டுப் போகிறவனைப் பற்றித்தான் ஊர் இன்னும் கொஞ்சம் பேசும்.

ஆச்சிக்கு இதில் சந்தேகமே இல்லை. கண்ணேறுதான் என்றார். மகன் வண்டியை விட்டுப் போன மறுநாளே அவர் தச்சரை வரவழைத்து, கொட்டகை வாசலின் குறுக்கே தரைமட்டமாகப் பதித்திருக்கும் தேக்குப் பலகையில் ஒரு பழைய குதிரை லாடத்தை அடிக்கச் சொன்னார். வாசற்படியில் லாடம் இருந்தால் கெட்ட கண் உள்ளே வராது என்று நம் பக்கம் வழக்கம்தானே. வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைப்பார். வைத்து வைத்து அது லாடமா மஞ்சள் கட்டியா என்று தெரியாத அளவுக்கு ஏடு படிந்துவிட்டது. அதன் மேல் யாரும் கால் வைக்க மாட்டோம். நானும் தாண்டித்தான் போவேன்.

லாடம் இருந்தும் காற்று இறங்குகிறது என்றதும் ஆச்சி எலுமிச்சம்பழத்துக்குப் போனார். நான்கு சக்கரத்துக்கும் நான்கு பழம். வண்டியை வெளியே எடுத்துப் பழத்தை நசுக்கி, மறுபடி உள்ளே விட வேண்டும். அந்த வாரக் கடைசியில் மறுபடி காற்று இறங்கியது. அடுத்து அமாவாசைக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்தார். அதற்கும் வண்டியை வெளியே எடுத்து உள்ளே விட்டேன். அதற்கும் இறங்கியது. கழிக்கக் கழிக்கக் கண்ணு கூடுதே தம்பி, அப்படி யாரு கண்ணு இது என்று ஆச்சி என்னிடமே கேட்டார். சக்கரத்தைக் கழற்றிக் கட்டிக்கொண்டு காரைக்குடிக்குப் போனேன். போகும் வழியில் தெரிந்தவர்கள் எதிரே வந்தால் என்ன என்று கேட்பார்களே என்று பார்வையை ரோட்டை விட்டு எடுக்கவில்லை.

இந்த வண்டியில் இன்னொரு சங்கதி உண்டு. காற்று குறைந்தால் வண்டியே அதைச் சொந்தக்காரரின் செல்போனுக்குச் சொல்லிவிடும். நான் காலையில் கொட்டகையைத் திறப்பதற்குள் அவர் அங்கே படித்துவிட்டிருப்பார். முதலில், "என்னண்ணே, மறுபடியுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர், பிறகு என்னிடம் கேட்பதை விட்டுவிட்டு ஆச்சியிடம் கேட்க ஆரம்பித்தார். கடைசியில் காரைக்குடியிலிருந்து ஆள் வந்து கொட்டகைக்குள் கேமரா மாட்டினார்கள். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். மாட்டுகிறவர் மேலேயிருந்து, டிரைவரண்ணே கொஞ்சம் வண்டிகிட்ட போய் நில்லுங்க, மூஞ்சி தெரியுதான்னு பாக்கணும் என்றார். போய் நின்றேன். நன்றாகத் தெரிகிறது என்றார்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை. நான் பழைய காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கொட்டகை வாசலில் உட்கார்ந்து லாடத்துக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்த ஆச்சி, ஸ் என்று கையை உதறினார். ஓடிப்போய்ப் பார்த்தேன். விரல் நுனியில் ரத்தம். மஞ்சளுக்குள் என்னவோ நிக்குது பாருங்க என்றார். நான் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். லாடத்தை அடித்திருந்த ஆணிகளில் ஒன்றின் தலை உடைந்துபோய், தண்டு மட்டும் ஒரு நெல் நீளத்துக்கு மேலே நின்றது. விரலால் தொட்டால் சுருக்கென்று இருந்தது.

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். லாடம் வாசலின் இடது ஓரத்தில் இருக்கிறது. முற்றம் குறுகல் என்பதால் வண்டியை உள்ளே விடும்போது ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்க வேண்டும். ஒடித்தபடி இடது முன்சக்கரத்தின் உள்ஓரம் சரியாக அந்த ஆணி மேல் ஏறி இறங்கும். ஓட்டை சின்னது என்பதால் அப்போதே தெரியாது. ராத்திரியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று போகும். எலுமிச்சம்பழத்துக்கும் பூசணிக்காய்க்கும் வண்டியை எடுத்து எடுத்து விட்டோமே, ஒவ்வொரு தடவையும் அது குத்துவதற்கு நாமே இன்னொரு வாய்ப்பு கொடுத்திருக்கிறோம். ரோட்டில் வருகிற முள்ளையெல்லாம் பார்த்துப் பார்த்து ஒதுக்கி ஓட்டிக்கொண்டு வந்து, வீட்டு வாசலில் ஏற்றியிருக்கிறேன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆச்சியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"தம்பி, இத அவன்கிட்ட சொல்லாதீக" என்றார்.

தலையாட்டினேன். தச்சர் வந்து உடைந்த ஆணியைப் பிடுங்கி, புது ஆணியைப் பலகைக்குள் அமுங்கும்படி அடித்துவிட்டுப் போனார். அதன் பிறகு காற்று இறங்கவே இல்லை. தொல்லை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன். சொல்லாமல் இருப்பதில் என்ன இருக்கிறது, காற்று நின்றால் பேச்சும் நின்றுவிடும் என்று.

பேச்சு நிற்கவில்லை. கல்லலில் ஒரு விசேஷத்துக்கு ஆச்சியைக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தேன். வழியில் மகன் கூப்பிட்டார். ஆச்சிக்குக் காதில் வைத்துப் பேசினால் சரியாகக் கேட்காது, எப்போதும் சத்தமாக வைத்துத்தான் பேசுவார். வண்டி எப்படி இருக்கிறது, காற்று நிற்கிறதா என்றெல்லாம் விசாரித்துவிட்டு அவர் சொன்னார்:

"கேமரா வச்ச மறுவாரமே நின்னுருச்சு பாத்தீகளா ஆத்தா? நான் சொன்னேன்ல."

நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரிந்தும் இருக்கலாம். நான் கண்ணாடியில் பார்த்தேன். ஆச்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, ம் என்றார். அவ்வளவுதான். காற்று இறங்கிக்கொண்டிருந்தபோது நான் சந்தேகத்துக்கு உரியவன். நின்ற பிறகு நான்தான் செய்தேன் என்றே முடிவாகிவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தது எனக்கே எதிர்ச் சாட்சியாகப் போய்விட்டது.

அன்று வீட்டுக்கு வந்தபோதுதான் நீங்கள் கேட்டீர்கள். "ஏம்ப்பா, ஆச்சி வீட்டுக் கார்ல காத்த எறக்கி விட்டது நீங்கதானாமே. வகுப்புல சொல்றாக." கேட்டவள் அக்கா. தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷம் வண்டி ஓட்டியதில் ஒரு ஆளை இடித்ததில்லை, ஒரு நாள் குடித்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்ததில்லை. அதெல்லாம் பெரிய பெருமையும் இல்லை, வேலை என்றால் அப்படித்தான். ஆனால் அதை விட்டால் உங்களுக்கு என்று சேர்த்துவைக்க என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை இரண்டு வண்டிச் சாவியையும் ஆச்சி முன்னால் வைத்தேன்.

"என்ன தம்பி, கோவமா?"

"கோவமில்ல ஆச்சி. அலுப்பா இருக்கு. புள்ளைக கேக்குதுக."

ஆச்சி சாவியைத் தொடவில்லை. ஏன் சொல்ல வேண்டாம் என்றார் என்பதைச் சொன்னார். வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு வந்து இருங்கள் என்று மகன் எப்போதும் சொல்லிக்கொண்டே இருக்கிறாராம். லாடம் அடித்து மகன் காரையே பஞ்சர் ஆக்கிய கதை தெரிந்தால், வயசாகிவிட்டது, தனியாக இருந்து என்னவெல்லாமோ செய்கிறார் என்று அதையே காரணம் காட்டிக் கூட்டிப்போய்விடுவார் என்று பயம். "அங்குட்டுப் போயி பதினெட்டாம் மாடியில உக்காந்து யாரப் பாத்துக்கிட்டு இருக்க?" என்றார். கேட்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சாவியைத் திரும்ப எடுக்க எனக்குக் கை வரவில்லை. அவருக்கு வீடு. எனக்கு உங்கள் முகம். இரண்டையும் ஒரு தட்டில் வைத்து நிறுக்க எனக்குத் தெரியவில்லை.

ஆச்சியே போனை எடுத்தார். சத்தமாக வைத்து எனக்கும் அவருக்கும் நடுவில் மேஜையில் வைத்தார்.

"ஏப்பா, ஒன் கேமராவுல எல்லாம் தெரியுதா?"

"நல்லாத் தெரியுது ஆத்தா."

"வாசப்பலகையில லாடம் தெரியுதா?"

"லாடமா? அது எதுக்கு அங்க?"

"ஒன் வண்டிக்குக் கண்ணு படக்கூடாதுன்னு நான் அடிக்கச் சொன்னது. அதுல இருந்த ஆணிதான் ஒன் டயரக் குத்தியிருக்கு. இவுக இல்ல."

உங்களுக்கு எப்போது தெரியும் என்று மகன் கேட்டார். கேமரா வைத்த வாரமே தெரியும், நீ சிரிப்பாய் என்று சொல்லவில்லை என்றார் ஆச்சி. மகன் சிரிக்கவில்லை. போனை அண்ணனிடம் கொடுங்கள் என்றார். போன் என் முன்னால்தான் இருந்தது.

"அண்ணே, நீங்களாச்சும் சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருக்கலாம் தம்பி."

"நான் தப்பா நெனச்சிட்டேன்."

சரி தம்பி என்றேன். அவர் அம்மாவிடம் அந்த லாடத்தை முதலில் பிடுங்கி எறியுங்கள் என்றார். ஆச்சி உடனே, லாடம் இருக்கும், இடம் பத்தலைன்னா ஒன் வண்டிய நீ எடுத்துக்கிட்டுப் போ என்றார். அதற்குத்தான் அவர் சிரித்தார். வீட்டைப் பூட்டுகிற பேச்சை அன்று அவர் எடுக்கவில்லை. அடுத்த தடவை எடுப்பாரோ என்னவோ. போனை வைத்துவிட்டு ஆச்சி, காபி குடித்துவிட்டுப் போங்கள் என்றார். குடித்தேன். சாவியை எடுத்துக்கொண்டேன்.

கேமரா அப்படியேதான் இருக்கிறது. கழற்றச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, நானும் சொல்லவில்லை. டீக்கடையில் இன்னமும் பங்காளி என்றுதான் கூப்பிடுகிறார். ஊரில் ஒவ்வொருத்தரையும் உட்கார வைத்து ஆணியையும் ஸ்டியரிங்கையும் விளக்க எனக்குத் தெம்பு இல்லை. ஆச்சியும் ஊருக்கெல்லாம் போன் போட முடியாது. நீங்கள் இரண்டு பேரும் நம்பினால் எனக்குப் போதும். வகுப்பில் யாராவது கேட்டால் நடந்ததைச் சொல்லுங்கள். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டால் விட்டுவிடுங்கள், அதிலும் தப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுக்கும் முறை. உங்களையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி ஆச்சி சொல்லியிருக்கிறார். இரண்டே சீட் என்பதால் ஆளுக்கு ஒரு தடவையாக நாச்சியாபுரம் வரைக்கும் போய் வரலாம், சண்டை போடாமல் இருந்தால். கொட்டகைக்குள் வரும்போது லாடத்தை மட்டும் மிதித்துவிடாதீர்கள். தாண்டி வாருங்கள்.